படச்சுருள் காத்த வரலாறு

முன்னோர் வாழ்ந்த வாழ்வினைப் பின்னோர் அறிதற்கு வழிகள் பல உள்ளன. போரிற் பட்ட வீரனுக்கு நட்ட நடுகல் ஒரு வழி. அரசர் பொறித்த கல்வெட்டும் செப்பேடும் மற்றொரு வழி. புலவர் எழுதிவைத்த ஓலைச்சுவடி பிறிதொரு வழி. இவை யாவும் நிகழ்ந்தவற்றைச் சொல்லாலோ உருவத்தாலோ உணர்த்துவன. ஆயினும், நடுகல்லில் நிற்கும் வீரன் எவ்வாறு நடந்தான் என்பதை அக்கல் காட்டாது. கொடை வழங்கிய வேந்தன் எவ்வாறு கை நீட்டினான் என்பதைச் செப்பேடு காட்டாது. மனிதனின் அசைவினை அசைந்தவாறே பிடித்துவைத்துப் பிற்காலத்தார்க்குக் காட்டும் ஆற்றல், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய படச்சுருளுக்கே முதன்முதலாக வாய்த்தது.

1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் இருவர் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்கு ஓடும் படங்களைக் காட்டினர். அடுத்த ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் பம்பாய் மக்களும் அவற்றைக் கண்டனர். அப்படங்களுள் ஒன்று, வேலை முடிந்து தொழிற்சாலையினின்று வெளியேறும் தொழிலாளரைக் காட்டுவது. அன்று கண்டோர்க்கு அஃது ஒரு வியப்பு, அவ்வளவே. இன்று காண்போர்க்கோ அஃது ஒரு வரலாற்றுச் சான்று. அக்காலத் தொழிலாளர் உடுத்த உடை யாது, பெண்கள் எத்தனை பேர் வேலைக்குச் சென்றனர், எவர் மிதிவண்டியில் வந்தனர் என்பனவெல்லாம் அதிற் பதிந்துள்ளன. எடுத்தவர் எண்ணாத பயனைக் காலம் அதற்கு அளித்தது.

படச்சுருளின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஓடும் படம் என்பது உண்மையில் ஓடாத பல படங்களின் வரிசையே. பேசும்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் திரையில் வீழ்கின்றன. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளில் ஓர் அடி நீளத்துக்கு 16 படங்கள் அமையும். ஆகவே, ஒரு நிமிடத்துக்கு 90 அடிச் சுருள் ஓடும். இக்கணக்கை மனத்திற் கொண்டால், பின்வரும் செய்திகளின் அருமை நன்கு விளங்கும்.

ஓடும் படம் வரலாற்றுக்குத் துணையாகும் என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் பொலெஸ்லாவ் மாட்டுஷெவ்ஸ்கி என்பவர். போலந்து நாட்டவராகிய இவர் படம் பிடித்தலையே தொழிலாகக் கொண்டவர். 1898ஆம் ஆண்டில், படக்காட்சி தோன்றி மூன்றாண்டு நிரம்பும் முன்னரே, இவர் பாரிசில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நூல்களுக்கு நூலகம் இருத்தல்போலப் படச்சுருள்களுக்கும் ஒரு காப்பகம் வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். அவர் சொல்லை அன்று பெரிதாக ஏற்றவர் இலர். உலகின் பல பகுதிகளிலும் செய்திப்படங்கள் எடுக்கப்பட்டன. ஒரு வாரம் காட்டப்பட்டன. அடுத்த வாரம் மறக்கப்பட்டன. பழைய செய்தித்தாளைப் போலப் பழைய சுருளும் மூலையில் எறியப்பட்டது.

மூலையில் எறியப்பட்ட சுருள்களைத் தேடியெடுத்து அவற்றால் ஒரு புதிய நூலே செய்வதுபோல் படம் அமைத்தவர், இரஷ்யாவைச் சேர்ந்த எஸ்ஃபிர் ஷூப் அம்மையார். ஜார் மன்னரின் ஆட்சி 1917ஆம் ஆண்டில் வீழ்ந்தது. அதன் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு படம் ஆக்க அவர் விரும்பினார். ஆனால், கடந்துபோன நிகழ்ச்சிகளை மீண்டும் படம் பிடித்தல் இயலுமோ? நடிகரைக் கொண்டு நடிக்கச் செய்தலை அவர் விரும்பவில்லை. பாதாள அறைகளிலும் பண்டகசாலைகளிலும் கிடந்த செய்திச் சுருள்களையும், அரண்மனைப் படம்பிடிப்போர் எடுத்த சுருள்களையும் தேடினார். ஏறத்தாழ 60,000 மீட்டர் நீளமுள்ள சுருள்களைப் பார்வையிட்டார். அவற்றுட் சிறு பகுதியைத் தெரிந்தெடுத்து இணைத்தார். 'ரோமனோவ் குலத்தின் வீழ்ச்சி' என்னும் அப்படம் 1927ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அப்படத்தில் ஒரு பகுதி கருதத்தக்கது. உயர்குடியினர் கப்பலின் மேல்தளத்தில் வியர்வை அரும்ப நடனம் ஆடுகின்றனர். அடுத்து, உழவர் மண்ணை வெட்டி வியர்வை சிந்துகின்றனர். இவ்விரு காட்சிகளையும் எடுத்தவர் வெவ்வேறு நோக்கம் உடையவர். ஆடலை எடுத்தவர் அரச குலத்தின் பெருமையைக் காட்டவே எடுத்தார். ஷூப் அம்மையார் ஒரு காட்சியையும் புதிதாக எடுக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றை வைத்தார். வைத்த அளவில், பெருமை கூற வந்த படம் குற்றம் கூறும் சான்றாயிற்று. சொற்கள் யாவர்க்கும் பொதுவாக இருப்பினும், அவற்றைத் தொடுக்கும் முறையால் புலவன் புதுப்பொருள் பிறப்பித்தல் போன்றது இது. பழைய சுருளைக் கொண்டு புதிய படைப்பு ஆக்கும் கலை இவ்வாறு நிலைபெற்றது.

இக்கலையில் ஈடுபட்டு அரியதொரு செயலை முடித்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே ஏ. கே. செட்டியார். 1911ஆம் ஆண்டில் பிறந்த இவரது ஊர் செட்டிநாட்டைச் சார்ந்த கோட்டையூர். இளமையிலேயே இதழாசிரியராக விளங்கிய இவர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், இவர் நியூயார்க்கிலிருந்து டப்ளின் நகருக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். காந்தியடிகளின் வாழ்க்கையை ஒரு முழுப் படமாக ஆக்குதல் வேண்டும் என்னும் எண்ணம் அக்கப்பற் பயணத்தில் இவர் உள்ளத்தில் எழுந்தது. அப்போது இவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை.

எண்ணுதல் எளிது, முடித்தல் அரிது. காந்தியடிகள் அப்போது 68ஆம் வயதை எய்திவிட்டார். தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய அறப்போர் முடிந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. 1930ஆம் ஆண்டின் உப்பு யாத்திரையும், 1931ஆம் ஆண்டில் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற பயணமும் கடந்துபோன நிகழ்ச்சிகள். அவற்றை யாரேனும் படம் பிடித்திருந்தாலன்றிக் காட்டுதல் இயலாது. பிடித்தவர் யாவர், அச்சுருள்கள் எங்குள்ளன, அழிந்தனவா இருக்கின்றனவா என்று கூறும் பட்டியல் ஒன்றும் இல்லை. சில சுருள்கள் வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளில் இருந்தன. சில தனி மனிதர் வீட்டில் இருந்தன. காந்தியடிகளோ திரைப்படத்தில் நாட்டம் இல்லாதவர்.

செட்டியார் மனம் தளரவில்லை. இந்திய நாட்டின் பல பகுதிகளிலும், ஐரோப்பாவிலும், தென்னாப்பிரிக்காவிலும் அலைந்து திரிந்தார். கிடங்கின் வாயிலில் காத்து நின்றார், கடிதங்கள் எழுதினார், காந்தியடிகளோடு பழகியவர்களைத் தேடிச் சென்று கண்டார். முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு பேர் வெவ்வேறு இடங்களிற் பிடித்த படங்களினின்று 50,000 அடிச் சுருளைத் திரட்டினார். பணி முடிவதற்கு முன்னரே, 1939ஆம் ஆண்டு செப்டம்பரில், இரண்டாம் உலகப் போரும் மூண்டுவிட்டது.

தமிழுலகம் இத்தகைய தேட்டத்தை முன்னரே கண்டது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றார். வீட்டுப் பரணிலும் மடத்து மூலையிலும் கிடந்த சுவடிகளைத் திரட்டினார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், பிழை களைந்து பதிப்பித்தார். ஐயர் ஏட்டுக்குச் செய்ததைச் செட்டியார் படச்சுருளுக்குச் செய்தார் எனலாம். ஒருவர் தேடியது சொல். மற்றவர் தேடியது அசைவு. இருவருக்கும் பகை ஒன்றே, அது காலம்.

திரட்டுதல் பணியின் ஒரு பாதியே. 50,000 அடிச் சுருளை ஒருங்கே ஓட்டின், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். செட்டியார் அதனினின்று 12,000 அடியைத் தெரிந்தெடுத்தார். அஃது ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரம் ஓடுவது. நான்கு அடிக்கு ஓர் அடியாகக் கொள்ளவும், மூன்றடியைத் தள்ளவும் வேண்டும். அரிதின் முயன்று பெற்ற பொருளைத் தம் கையாலேயே தள்ளுதல் எத்துணைத் துன்பம் தரும் என்பதைத் தேடியவரே அறிவர். ஆயினும், எல்லாவற்றையும் சேர்ப்பவன் எதனையும் விளங்கச் செய்யான். கொள்வதும் தள்ளுவதும் அறிந்து, காலமுறைப்படி அடுக்கி, தமிழில் விளக்கவுரை சேர்த்தபோதுதான் சிதறிய சுருள்கள் ஒரு வாழ்க்கை வரலாறு ஆயின. 1940ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் அப்படம் தமிழ் உரையுடன் வெளியாயிற்று. பின்னர்த் தெலுங்கு உரையுடனும் வெளிவந்தது. நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சி நடந்த காலம் அது. அந்நாளில் அவ்வாட்சியை எதிர்த்து நின்ற தலைவரின் வரலாற்றைத் திரையிற் காட்டுதற்கு நெஞ்சுறுதி வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் தில்லி மக்கள் இப்படத்தை இந்தி உரையுடன் கண்டனர். 1953ஆம் ஆண்டில் ஆங்கில உரையுடன் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. இவ்வளவு புகழ் பெற்ற படம் நாளடைவில் காணக் கிடைக்காமற் போயிற்று. உலகெங்கும் சிதறிய சுருள்களை ஒருவர் தேடிச் சேர்த்தார். சேர்த்த அச்சுருளே பின்னர்ச் சிதறியது. 1983ஆம் ஆண்டில் செட்டியார் மறைந்தார். படம் ஆக்கிய வரலாற்றை அவர் எழுதி வைத்த கட்டுரைகள் எஞ்சின, படம் எஞ்சவில்லை. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அதனைத் தேட முற்பட்டார். ஆங்கில வடிவத்தின் படி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பதைக் கண்டறிந்தார். தேடியவரையே பிறர் தேட நேர்ந்த இவ்வரலாறு எண்ணுந்தோறும் வியப்பும் வருத்தமும் ஒருங்கே விளைப்பதாகும்.

படச்சுருள் இங்ஙனம் அழிவதற்குக் காரணம் யாது? 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் சுருள்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளால் ஆக்கப்பட்டன. அஃது எளிதில் தீப்பற்றும். எரியும்போது தனக்கு வேண்டிய உயிர்வளியைத் தானே அளித்துக்கொள்ளும். ஆதலின், நீரில் அமிழ்த்தினும் அத்தீ அணையாது. தீப்பற்றாவிடினும் அது தானே சிதையும். முதலில் படம் மங்கும். பின்னர்ச் சுருள் பிசுபிசுத்து ஒட்டும். முடிவில் பழுப்புத் தூளாகிவிடும். பின்வந்த அசெட்டேட் சுருளும் வெப்பத்திலும் ஈரத்திலும் புளிங்காடி மணம் வீசிக் கெட்டுச் சுருங்கும். காலம் செய்யும் கேட்டோடு மனிதர் செய்யும் கேடும் உண்டு. சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழம்படங்கள் பல உருக்கப்பட்டன.

தமிழ்நாட்டின் இழப்பு பெரிது. நடராச முதலியார் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' தென்னாட்டின் முதற் கதைப்படம். அதன் சுருளில் ஓர் அடியும் கிடைத்திலது. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' படத்தின் நிலையும் அதுவே. அக்காலச் செய்தித்தாளில் வந்த விளம்பரமும் மதிப்புரையுமே எஞ்சின. ஓலைச்சுவடி ஓரிரு நூற்றாண்டு தாங்கியது. இப்படங்கள் ஒரு தலைமுறையும் தாங்கவில்லை.

சில வேளைகளில் இயற்கையே காவலனாவதும் உண்டு. கனடா நாட்டின் வடமேற்குக் கோடியில் டாசன் என்னும் ஊர் உள்ளது. ஒருகாலத்தில் பொன் தேடுவோர் திரண்ட ஊர் அது. பல ஊர்களில் ஓடிய படங்கள் கடைசியாக அவ்வூரை அடையும். திருப்பி அனுப்பும் செலவு மிகுதியாதலின், சுருள்கள் அங்கேயே தங்கிவிட்டன. 1929ஆம் ஆண்டில், பயனற்றவை எனக் கருதி அவற்றுட் பலவற்றைப் பழைய நீச்சற் குளம் ஒன்றிற் கொட்டி மண்ணால் மூடினர். 1978ஆம் ஆண்டில் அவ்விடத்தைத் தோண்டியபோது ஐந்நூறுக்கு மேற்பட்ட சுருள்கள் வெளிப்பட்டன. ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் அந்நிலத்தின் குளிர் அவற்றைக் காத்திருந்தது. 2016ஆம் ஆண்டில் பில் மாரிசன் என்னும் அமெரிக்கக் கலைஞர் அச்சுருள்களைக் கொண்டே அவ்வூரின் வரலாற்றை ஒரு படமாக்கினார். சுருளின் ஓரத்தில் ஈரம் அரித்த வெண்கறைகளையும் அவர் மறைக்கவில்லை. அக்கறைகளும் வரலாற்றின் பகுதியே எனக் காட்டினார்.

இதற்கு மாறான முறையை மேற்கொண்டவர் பீட்டர் ஜாக்சன். முதல் உலகப் போரின்போது எடுத்த படங்களை இலண்டனில் உள்ள அருங்காட்சியகம் ஒன்று காத்து வந்தது. அக்காலத்துக் காமிராவைக் கையால் சுழற்றுவர். சுழற்றும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால், அப்படங்களை இக்கால வேகத்தில் ஓட்டின், வீரர்கள் பொம்மைகள்போல் துள்ளி நடப்பர், காண்போர் நகைப்பர். ஜாக்சன் அவ்வேகத்தைத் திருத்தினார், நிறம் ஊட்டினார், உதட்டசைவைப் படித்தறிவோர் துணையால் வீரர் பேசிய சொற்களை உய்த்துணர்ந்து குரல் சேர்த்தார். 2018ஆம் ஆண்டில் அப்படம் வெளிவந்தபோது, பொம்மைகள் மனிதர் ஆயினர். நூறாண்டுக்கு முன் இறந்த இளைஞர் அருகில் நிற்பதுபோல் தோன்றினர். எனினும், 'இல்லாத நிறத்தை ஏற்றுதல் முறையோ?' என வினவினாரும் உளர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. சிதைந்த ஏட்டில் விடுபட்ட அடியைத் தாமே எழுதிச் சேர்க்கும் பதிப்பாசிரியன், சேர்த்தது எது என்று அடையாளம் இடுதல் வேண்டும். படத்துக்கும் அவ்விதி பொருந்தும்.

'கண்ணாற் கண்டது பொய்யாகுமோ?' என்று சிலர் எண்ணுவர். படச்சுருளைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பிழைபடும். 1916ஆம் ஆண்டில் வெளிவந்த 'சோம் போர்' என்னும் படத்தைப் பிரிட்டனில் பெருந்திரளான மக்கள் கண்டு கலங்கினர். அதிற் பெரும்பகுதி உண்மையாகவே போர்க்களத்தில் எடுக்கப்பட்டது. ஆனால், வீரர் பதுங்குகுழியினின்று மேலேறிப் பாய்வதும், ஒருவர் சுருண்டு வீழ்வதும் ஆகிய புகழ்பெற்ற காட்சி களத்துக்கு அப்பால் நடித்து எடுக்கப்பட்டது என்பர் ஆராய்ந்தோர். ஐசன்ஸ்டைன் என்பார் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அக்டோபர்' என்னும் கதைப்படத்தில், குளிர்கால அரண்மனையை மக்கள் தாக்கும் காட்சி நடிகரையும் திரளான மக்களையும் கொண்டு அமைக்கப்பட்டது. பின்வந்தோர் சிலர் அதனை 1917ஆம் ஆண்டின் உண்மைக் காட்சி என்றே தம் படங்களிற் சேர்த்துக் காட்டிவிட்டனர். பொய்ச் செப்பேடு இருத்தல்போலப் பொய்ப்படமும் உண்டு என்பதை மாணவர் மறத்தலாகாது.

ஆதலின், பழம்படம் ஒன்றைக் காணும் மாணவர் ஐந்து வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனை எடுத்தவர் யார்? எப்போது, எங்கே எடுத்தார்? யார் காண்பதற்காக எடுத்தார்? பின்னர் இதனை வெட்டி இணைத்தவர் யார்? இதிற் காட்டப்படாதது எது? முதல் நான்கும் சான்றின் தகுதியை அறிவிப்பன. ஐந்தாம் வினாவே அனைத்தினும் அரியது. காமிராவின் முன் நின்றவர் சிலர். அதன் பின்னும் பக்கத்திலும் நின்றவர் பலர்.

உப்பு யாத்திரையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். காந்தியடிகள் 78 தொண்டர்களுடன் 1930ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் சபர்மதியினின்று புறப்பட்டு, ஏறத்தாழ 240 மைல் நடந்து, ஏப்ரல் 5ஆம் நாள் தண்டியை அடைந்தார் என்று பாடநூல் கூறும். நாளும் தொலைவும் நூலால் அறியலாம். அந்நடையின் விரைவு, கைத்தடியின் ஊன்றல், இளைஞரும் அவரைப் பின்தொடர விரைந்து நடத்தல், வழியில் எழும் புழுதி, இருமருங்கும் நெருங்கும் மக்கள் ஆகியவற்றைப் படச்சுருள் காட்டும். அவர் பேசிய பேச்சோ, நடந்தோர் நெஞ்சில் இருந்த அச்சமோ, உறுதியோ அவ்வூமைப் படத்திற் கேளா. அவற்றை அறிய மீண்டும் நூலுக்கே திரும்புதல் வேண்டும். நூலும் படமும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒன்று விட்டதை மற்றொன்று நிரப்புவது. முதலில் ஒலியின்றிப் படத்தைக் காண்க, கண்டவற்றை எழுதுக, பின்னர் நூலோடு ஒப்பிடுக, வேறுபடும் இடத்தில் ஆராய்க. இதுவே பழம்படத்தாற் கற்கும் முறை.

காத்தால் அன்றோ கற்றல் இயலும்? 1964ஆம் ஆண்டில் புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. அதற்குப் பல்லாண்டு தொண்டாற்றிய பி. கே. நாயர், கிடங்குகளிலும் வீடுகளிலும் கிடந்த சுருள்களைத் தேடி ஆயிரக்கணக்கிற் சேர்த்தார். நாசிக்கில் வாழ்ந்த பால்கே குடும்பத்தாரிடமிருந்து 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தின் எஞ்சிய பகுதியைப் பெற்றவரும் அவரே. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கு நேர்ந்த தீயில் நைட்ரேட் சுருள்கள் பல அழிந்தன. காப்பகமும் விழிப்பின்றி இருத்தலாகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

காத்தல் காப்பகத்தார் கடமை மட்டுமன்று. இக்காலத்தில் வீடுதோறும் படம் பிடிக்கும் கருவி உள்ளது. பாட்டி கோலமிடுவதும், ஊர்த் தேர் ஓடுவதும், ஏர் பூட்டுவதும் நாள்தோறும் பதிவாகின்றன. யார், எந்த ஊர், எந்த நாள் என்னும் குறிப்பு இன்றி அவை பெயரில்லாத முகங்களாய்க் குவிகின்றன. செட்டியார் ஓர் அடிச் சுருளுக்காகக் கடல் கடந்தார். பிடித்த படத்தின்கீழ்ப் பெயரும் ஊரும் நாளும் எழுதி, அதனை ஈரிடத்தில் பாதுகாத்து வைத்தல் இன்றைய மாணவர்க்கு ஒரு நாழிகை வேலையே. அவ்வொரு நாழிகையை இன்று செலவிடின், நூறாண்டுக்குப்பின் ஒருவர் தம் முன்னோரின் நடையைக் கண்டு, 'இவர் இன்னார்' என்று பெயர் சொல்லி அழைப்பர்.